அத்தையின் தலையணை

1986 சித்திரை வெயிலில், மதுரையில் ஒரு மருத்துவமனையில் அத்தைக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. ராத்திரித் துணைக்கு அம்மா, பகலுக்கு நான். கல்லூரி விடுமுறை. நெஞ்சுக்குழிக்குக் கீழே தொடங்கி வலது விலா எலும்பின் ஓரமாகவே சாய்வாக இறங்கிய வெட்டு அத்தைக்கு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. மூக்கில் ஒரு குழாய், விலாவில் ஒரு குழாய், கையில் குளுக்கோஸ்.

நர்ஸ் வந்து, "இருமுங்கம்மா, நல்லா இருமிச் சளியைத் துப்புங்க" என்பார். அத்தை என்னைப் பார்ப்பார். நான் தலையணையை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதை வயிற்றுக் கட்டின்மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, ஒரு இருமல். இருமல் என்று அதைச் சொல்வதே அதிகம், தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்கே கண்ணோரம் நீர் கோத்துவிடும். அந்தத் தலையணை பகலும் இரவும் அவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் அத்தை சொன்னார்: "மூச்சு நெஞ்சோட நின்னுபோகுதுங்கய்யா. வயித்துக்கு இறங்க மாட்டேங்குது."

கூட வந்த பயிற்சி மருத்துவர் ஒருவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூச்சு எங்கேயாவது வயிற்றுக்குப் போகுமா? எனக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது. மருத்துவம் பற்றி எழுதும் வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அத்தை சொன்னதில் ஒரு சொல்கூடப் பிசகில்லை என்று.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தகடு உதரவிதானம். விரித்த குடையைப் போல விலாக்கூட்டுக்குள் மேல்நோக்கி வளைந்திருக்கும். மூச்சை இழுக்கும்போது அது சுருங்கித் தட்டையாகிக் கீழே இறங்கும், நுரையீரலின் அடிப்பகுதி விரியும், வயிற்றுக்குள் இருப்பவை கொஞ்சம் முன்னே தள்ளப்படும். தூங்குகிற குழந்தையின் வயிறு ஏறி இறங்குவது இதனால்தான். மேல்வயிற்றைக் கிழித்த பிறகு இந்தத் தகடு சரியாக இறங்குவதில்லை. விலா எலும்புகளை மட்டும் தூக்கித் தூக்கி நோயாளி மேலோட்டமாக மூச்சு வாங்குகிறார். வயிறு அசையாமல் கிடக்கும். இதையும் 1983இல் அளந்து எழுதிவிட்டார்கள், அத்தை மேஜையில் படுப்பதற்கு மூன்று வருடம் முன்பே. மேல்வயிற்று அறுவைக்குப் பிறகு மூச்சின் வேலை வயிற்றைவிட்டு நெஞ்சுக்கு மாறிவிடுகிறது என்பதுதான் அந்த ஆய்வுகளின் சாரம். மூச்சு நெஞ்சோடு நின்றுபோகிறது!

அதே காலத்து ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வலியால்தான் நோயாளி ஆழமாக மூச்சிழுக்கத் தயங்குகிறார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பாதிதான் உண்மை. முதுகுத்தண்டு வழியாக மருந்து செலுத்தி வலியை நன்றாக அடக்கிய பிறகும் உதரவிதானம் பழையபடி வேலை செய்யவில்லை. பித்தப்பை இருக்கும் இடம் அப்படி. கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கல்லீரலுக்கு நேர் மேலே உதரவிதானம். அந்தப் பக்கத்து உறுப்புகளைப் பிடித்து இழுத்துப் பிரிக்கும்போது எழும் நரம்புச் செய்தி, உதரவிதானத்தை ஓட்டும் நரம்பை அடக்கிவைக்கிறது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அடிவயிற்றில் குடலிறக்கத்துக்கோ குடல்வாலுக்கோ செய்யும் அறுவையில் மூச்சு இந்த அளவுக்கு அடிவாங்குவதில்லை.

சாதாரணமாக நாம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நமக்கே தெரியாமல் ஒரு பெருமூச்சு விடுகிறோம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் "என்னத்துக்கு இப்படிப் பெருமூச்சு விடுறே" என்று அதட்டுவார்கள். உடம்பைக் கேட்டால் அது வேறு சொல்லும். சுருங்க ஆரம்பித்த காற்றுப்பைகளை ஊதி விரித்து வைப்பது அந்தப் பெருமூச்சுதான். மேல்வயிற்றில் தையல் போட்டவருக்கு அது வருவதில்லை. நுரையீரலின் அடியில் உள்ள காற்றுப்பைகள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்கின்றன. இருமுவதற்கு வேண்டிய வயிற்றுத் தசைகளே வெட்டுப்பட்டவை. சளி தங்குகிறது, தங்கிய இடத்தில் கிருமி சேர்கிறது. அந்தக் காலத்து வார்டுகளில் பித்தப்பை எடுத்தவருக்கு நிமோனியா வந்துவிடுமோ என்ற பயம் சும்மா வந்ததல்ல. புகைபிடிப்பவர், வயதானவர், உடல் பருத்தவர் என்றால் இரட்டிப்புப் பயம்.

வலிக்கு ஊசி போட்டுவிடலாமே என்றால் அதிலும் ஒரு சிக்கல். வலுவான வலிமருந்துகள் மூச்சையும் மந்தமாக்கும். வலி இருந்தால் மூச்சு வராது, வலியைக் கொல்லப் போனாலும் மூச்சு குறையும். அதனால் கேட்டுக் கேட்டு, கெஞ்சிக் கெஞ்சி ஒரு ஊசி. மூச்சு போதுமா என்று பார்க்க நர்ஸுக்கு இருந்தவை கண்கள்தாம். நகம் நீலமா, உதடு கறுக்கிறதா என்று பார்ப்பார். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரின் தத்துவத்தை ஜப்பானில் தக்குவோ ஆயோகி 1970களிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் அத்தையின் விரலில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. இன்று அது கொரோனாவின் புண்ணியத்தில் மளிகைச் சாமான்போல அலமாரியில் கிடக்கிறது.

இந்தக் கதை அத்தையோடு தொடங்கவில்லை. பெர்லினில் லாசரஸ் மருத்துவமனையில் 1882 ஜூலை 15 அன்று கார்ல் லாங்கன்பூக் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாக ஒரு மனிதரின் பித்தப்பையை முழுதாக வெட்டி எடுத்தார். கல்லை மட்டும் எடுத்துப் பயனில்லை, கல்லை உண்டாக்கும் பையையே எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். நோயாளிக்கு 43 வயது. மறுநாளே அவர் படுக்கையில் சுருட்டுப் புகைத்தார் என்று பதிவு இருக்கிறது. இன்றைய மயக்க மருத்துவர் எவராவது பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

அறுவைக்குப் பிறகு நுரையீரல் சுருங்கிப்போவதை முதலில் தெளிவாக எழுதியவர் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் வில்லியம் பாஸ்டர். வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் லூயி பாஸ்டர் வேறு, இவர் வேறு. அறுவைக்குப் பின் வரும் நெஞ்சுக் கோளாறுகளில், மூச்சிழுக்கும் சக்தி குறைந்து நுரையீரல் அமுங்குவதற்கு முக்கிய இடம் உண்டு என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர் சொல்லிவிட்டார். 1933இல் பாஸ்டனில் ஹென்றி பீச்சர், வயிற்றைத் திறந்த பிறகு நுரையீரலின் கொள்ளளவு எவ்வளவு குறைகிறது என்று அளந்து காட்டினார். நோய் தெரியும், காரணமும் ஏறத்தாழத் தெரியும். வெட்டை மாற்ற மட்டும் பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை, தோன்றினாலும் துணிவில்லை. பெரிய சர்ஜன் என்றால் பெரிய வெட்டு என்பது அறுவைக்கூடங்களில் பெருமையாகவே சொல்லப்பட்டது. நன்றாகத் திறந்தால்தான் நன்றாகத் தெரியும், நியாயமும் இருந்தது.

துணிந்தவர் எரிக் மூஹெ. ஜெர்மனியில் ப்யோப்லிங்கன் என்ற சிறிய ஊர். 1985 செப்டம்பர் 12. தொப்புள் அருகே துளையிட்டு, தானே வடிவமைத்த கருவியின் வழியே பார்த்துப் பித்தப்பையை எடுத்தார். அடுத்த ஆண்டு ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கத்தில் அதை எடுத்துச் சொன்னபோது கேலிதான் கிடைத்தது. அதே சங்கம் 1992இல் அவரை அழைத்து விருது கொடுத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் லியோனில் ஃபிலிப் மூரே, பாரிஸில் ஃபிரான்சுவா துபுவா என்று பிரெஞ்சுக்காரர்கள் முந்திக்கொண்டு பெயரையும் வாங்கிக்கொண்டார்கள். இந்தியாவில் 1990இல் மும்பையில் தெஹம்டன் உத்வாடியா செய்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவையில் சி. பழனிவேலு. கணக்குப் போட்டுப் பார்த்தால், அத்தை தலையணையைக் கட்டிக்கொண்டு இருமிய அந்தச் சித்திரையில், உலகத்தில் ஒரே ஒரு ஊரில்தான் துளைவழியாகப் பித்தப்பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

போன வருடம் அத்தை மகளுக்கு அதே கல். குடும்பச் சொத்து போல. ஊரில் எல்லோரும் "லேசர் ஆபரேஷனாமே" என்று விசாரித்தார்கள். லேப்ராஸ்கோப்பி என்ற பெயர் நம் வாயில் நுழைந்து லேசர் ஆகிவிட்டது, இதில் லேசர் எதுவும் கிடையாது. தொப்புளில் ஒரு துளை, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலது விலாவுக்குக் கீழே இரண்டு. பெரியவை 10 மில்லிமீட்டர், சிறியவை 5. தொப்புள் வழியாகக் கேமரா, மற்றவற்றில் கருவிகள். காலையில் உள்ளே போனாள், சாயங்காலம் இட்லி சாப்பிட்டாள், மறுநாள் மாலை வீடு. அத்தைக்குப் பத்து நாள்.

அத்தைக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. மகளின் வயிற்றில் ஒட்டியிருந்த நான்கு பிளாஸ்திரிகளைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "இவ்வளவுதானா? கல்லை நெசமா எடுத்தாங்களா, இல்லையா?" அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. குப்பியில் போட்டுத் தந்த கற்களைக் காட்டிய பிறகும் அரை மனதுதான். பட்ட பாட்டை வைத்துத்தானே வைத்தியத்தை மதிக்கிறோம்.

இந்தப் பிளாஸ்திரி விஷயத்தில் ஒரு நல்ல சோதனை உண்டு. இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் 200 பேரைப் பாதியாகப் பிரித்துப் பாதிப் பேருக்குத் துளைவழியாகவும், மீதிப் பேருக்குச் சிறிய திறந்த வெட்டு வழியாகவும் பித்தப்பையை எடுத்தார்கள். எது செய்யப்பட்டது என்று நோயாளிக்கும் வார்டில் கவனிப்பவர்களுக்கும் தெரியாதபடி எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கட்டு. 1996இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. வீடு திரும்பிய நாளிலும் வேலைக்குத் திரும்பிய நாளிலும் வித்தியாசமில்லை! துளைவழி அறுவையைத் தெய்வமாக்கியவர்களுக்கு அது ஒரு குட்டு. அத்தைக்கு வைத்த வெட்டைச் சுருக்கியிருந்தாலே பாதிப் புண்ணியம் கிடைத்திருக்கும் என்றுதான் நான் அதைப் படித்தேன்.

ஆனால் பழைய பெரிய வெட்டோடு ஒப்பிட்டால், மூச்சுக் கணக்கில் சந்தேகமே இல்லை. துளைவழி முறை பரவிய புதிதிலேயே, 1991இல், டெக்சாஸில் ஒரு குழு இரண்டு வகை நோயாளிகளையும் அறுவைக்கு முன்பும் மறுநாளும் ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொல்லிப் பார்த்தது. முழு மூச்சை இழுத்து, கடைசிச் சொட்டு வரை ஊதித் தள்ளும் காற்றின் அளவு. முன்பு 100 என்று வைத்துக்கொண்டால், திறந்த அறுவை ஆனவர்களுக்கு அது 52. துளைவழி ஆனவர்களுக்கு 73. முதல் விநாடியில் ஊதும் காற்றும் ஏறத்தாழ அதே கணக்கு: 53, 72. சிறிய குழுதான், நாற்பது பேர்கூட இல்லை. பிறகு வந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்ந்தன.

இந்த எண்களை நான் இரண்டு விதமாகப் படிக்கிறேன். பாதி மூச்சை இழந்த அத்தைக்கும், கால்வாசி மட்டும் இழந்த மகளுக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு பக்கம். தலையணை வேண்டாத இருமல் அங்கேதான் இருக்கிறது. இன்னொரு பக்கம், அந்தக் கால்வாசி. நான்கு பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, இது பல் பிடுங்குவது போலத்தான் என்று நினைக்கிறார்கள். தோலில் வெட்டு சிறியதே தவிர உள்ளே பிரித்தெடுத்தது அதே பித்தப்பையை, அதே கல்லீரலின் அடியிலிருந்து. உதரவிதானம் இதையும் கவனிக்கத்தான் செய்கிறது. கொஞ்சம் சுணங்கி, சீக்கிரம் தேறிவிடுகிறது.

இன்னொரு விஷயம் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. அறுவை மேஜையில் படுத்திருக்கும் நேரத்தில் நுரையீரலுக்குக் கஷ்டம் பழைய முறையில் குறைவு, புதிய முறையில்தான் கூடுதல்.

உள்ளே கேமரா பார்க்க இடம் வேண்டும். வயிற்றுச் சுவர் உள்ளுறுப்புகளின்மேல் ஒட்டிக் கிடக்கிறது. அதனால் கார்பன் டையாக்ஸைடை ஏற்றி, 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் வயிற்றைக் கூடாரம் போல உப்பவைக்கிறார்கள். சாதாரணக் காற்றையே அடித்தால் என்ன என்று கேட்கலாம். கார்பன் டையாக்ஸைடில் தீ எரியாது, உள்ளே மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும்போது அது முக்கியம். ரத்தத்தில் எளிதில் கரையும், கரைந்தது மூச்சு வழியே போய்விடும். ஆக, வயிற்றில் ஏற்றிய வாயுவின் ஒரு பங்கை வெளியேற்றும் பொறுப்பும் நுரையீரல் தலையில்தான். அதே நேரத்தில் உப்பிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளி அந்த நுரையீரலையே நெருக்குகிறது. வேலை கூடுகிறது, இடம் குறைகிறது.

இதைச் சமாளிப்பவர் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் மயக்க மருத்துவர். மேஜையின் தலைப்பக்கத்தை உயர்த்தி, இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துவைப்பார்கள். குடல் கீழே சரிந்து உதரவிதானத்தின்மேல் பாரம் குறையும், சர்ஜனுக்கும் பார்வை கிடைக்கும். வெளிவரும் மூச்சில் கார்பன் டையாக்ஸைடு எவ்வளவு என்று திரையில் ஒரு அலை ஓடிக்கொண்டே இருக்கும். அலை உயர்ந்தால் வெண்டிலேட்டரின் வேகத்தையோ அளவையோ கூட்டுவார். நுரையீரல் ஏற்கெனவே பழுதான ஆள் என்றால், "பிரஷரைக் குறைங்க" என்று சர்ஜனிடம் சொல்வார். அத்தையின் காலத்தில் மயக்க மருத்துவர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தே பல ஆபரேஷன்கள் நடந்தன. இந்தத் திரைகள் இல்லாமல் கேமரா மட்டும் வந்திருந்தால், துளைவழி அறுவை இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் எண்ணம். பெயரெல்லாம் சர்ஜனுக்கு. நம்மில் எத்தனை பேருக்கு நமக்கு மயக்க மருந்து கொடுத்தவரின் பெயர் தெரியும்?

மூன்றாம் நாள் அத்தை மகள் போன் செய்தாள். "மச்சான், வயித்துல ஆபரேஷன் பண்ணிட்டு வலது தோள்பட்டை இப்படி வலிக்குதே, படுக்கும்போது ஏதும் இசகுபிசகா சுளுக்கிக்கிச்சோ?" சுளுக்கு இல்லை. உப்பவைத்தபோது இழுபட்டு, வாயுவாலும் உறுத்தப்பட்டது உதரவிதானம். அதன் நரம்பு கிளம்புவது கழுத்தில். தோளின் தோலுக்கு வரும் நரம்புகளும் அதே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. வலி எங்கிருந்து வருகிறது என்று மூளை குழம்பித் தோளைக் காட்டுகிறது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். அத்தைக்கு மூச்சு வயிற்றுக்கு இறங்கவில்லை, மகளுக்கு வலி தோளுக்கு ஏறிவிட்டது. இரண்டு புகாரும் ஒரே தசையைப் பற்றியவை.

பழைய வெட்டு போயே போய்விட்டது என்று யாரும் எழுதினால் நம்பாதீர்கள். பித்தப்பை கடுமையாக வீங்கிச் சீழ்கட்டி, சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்தால், துளைவழியாகத் தொடங்கியதை நிறுத்திவிட்டுத் திறக்க வேண்டிவரும். அது தோல்வி அல்ல, நல்ல புத்தி. பித்த நாளத்தில் தவறுதலாகக் காயம் படுவது துளைவழி முறையில் சற்றே அதிகம் என்பதும் உண்மை. தெளிவாகத் தெரியாமல் வெட்டுவதைவிட வயிற்றைத் திறந்து பார்க்கிற சர்ஜனையே நான் நம்புவேன். கையெழுத்துப் போடும் படிவத்தில் "தேவைப்பட்டால் திறந்த அறுவை" என்றொரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். மயக்க மருத்துவர் முன்னாலேயே பார்க்க வரும்போது பீடி, சிகரெட், இளைப்பு, ராத்திரிக் குறட்டை எதையும் மறைக்காதீர்கள். புகைப்பவர் என்றால் தேதி குறித்த அன்றே நிறுத்திவிடுங்கள். நான்கு வாரமாவது இடைவெளி கிடைத்தால் நுரையீரலுக்கு நல்லது.

இன்று வார்டில் ஒரு பிளாஸ்டிக் பொருளைக் கையில் கொடுக்கிறார்கள். மூன்று கூண்டு, மூன்று பந்து, ஒரு குழாய். கூண்டின்மேல் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும், விநாடிக்கு எத்தனை மில்லிலிட்டர் காற்றை இழுத்தால் எந்தப் பந்து எழும்பும் என்ற கணக்கு. இதனால் மட்டுமே நிமோனியா குறைகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. எழுந்து நடப்பதும், ஆழமாக மூச்சிழுப்பதும், இருமுவதும்தான் முக்கியம். ஆனாலும் மூச்சிழுக்க நினைவூட்ட எதிரே ஒரு பந்து இருப்பது நல்லதுதான். அத்தை மகள் முதல் நாள் ஒரு பந்தைத் தூக்கினாள். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் இரண்டு. மூன்றாவது பந்து எழும்ப ஒரு வாரம் ஆயிற்று.

அவள் வார்டில் இருந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், கன்னம் உப்ப அந்தக் குழாயை ஊதிக்கொண்டிருந்தார். பந்து அசையவில்லை. பிசியோதெரபி பெண் ஓடிவந்து, "தாத்தா, ஊதக்கூடாது, இழுங்க. இளநிக்கு ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுற மாதிரி இழுங்க" என்றாள். தினமும் பத்துப் பேரிடமாவது இதைச் சொல்வதாகச் சலித்துக்கொண்டாள். உங்கள் வீட்டில் யார் கையிலாவது அந்த மூன்று பந்து வந்தால், நேராகப் பிடித்து, உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். இரும வேண்டிவந்தால் கட்டின்மேல் ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம். அதை இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.